நீச்சல் குளத்தில் வரைந்த அட்டைகள்

மார்ச் 1, சனி

ஒரு பொய்யோடு ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இந்த நோட்டை வாங்கும்போது கடைக்காரரிடம் பேரனுக்கு என்று சொன்னேன். எனக்குப் பேரன் கிடையாது. பேரன் வர முதலில் பிள்ளை வேண்டும், அதுவும் கிடையாது. அவர் விடவில்லை.

"எத்தனாவது படிக்கிறான்?"

"மூணாவது."

"கையெழுத்து எப்படி?"

"கோழி கிளறின மாதிரி."

"அப்ப இரட்டைக் கோடு போட்டது எடுத்துக்குங்க."

அட்டையில் முயல் படம். ஐம்பத்தொரு வயதில், மீசை பாதி வெளுத்த பிறகு, முயலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது நாலாவது வரை. இல்லாத பேரனை விட ஒரு வகுப்பு அதிகம்.

எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில் இருக்கிற பேச்சு டீச்சர். அவர் வேலையே பேச முடியாதவர்களைப் பழக்குவது. "இருபத்தேழாம் தேதிக்கு அப்புறம் நீங்க சொல்ல நினைக்கிறது எல்லாம் எழுத்துலதான் ஐயா. இப்பவே கையைப் பழக்குங்க. எழுத வரலைன்னா வரைஞ்சு காட்டுங்க" என்றார். 

இருபத்தேழு, வியாழக்கிழமை, என் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். உள்ளே கட்டி. அதற்குப் பிறகு மூச்சு கழுத்தில் போடுகிற ஓட்டை வழியாகப் போய் வரும். பேச்சு வராது. 

நான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுகிறவன். இருபத்தெட்டு வருஷம். அங்கே என் பெயர் மைக்செட். மண்டி உரிமையாளரே என் உண்மைப் பெயரை மறந்துவிட்டார்.

வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "இத்தனை வருஷம் நான் கேட்டாச்சு. இனிமே நான் பேசறேன், நீங்க கேளுங்க" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே பாத்திரம் ஒன்றும் இல்லை. 

குரல் போவதற்குள் ஒரே ஒரு ஆளிடம் பேச வேண்டும். என் தங்கையிடம். அவள் என்னோடு பேசி ஐந்து வருஷம் ஆகிறது. இருபத்தாறு நாள் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

போனேன். பேசவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

தங்கை கிட்டார் வாசிக்கிறவள். இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி வரை ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு மணிக்கு, பழைய நீச்சல் குளத்தில் கச்சேரி. தண்ணீரை வடித்துவிட்ட குளம். ஆழமான பக்கத்தில் வாசிக்கிறவர்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் பாய் விரித்து நாங்கள். சுவரில் "குதிக்கக் கூடாது" என்கிற போர்டு இன்னும் இருக்கிறது. வாசலில் கைபேசியை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. ஆம்பியன்ட் கிட்டார் என்று எழுதியிருந்தது. நம்மைச் சுற்றிப் புகை மாதிரி நிற்கிற இசை என்று பக்கத்துப் பாய்க்காரர் காதோடு சொன்னார். எனக்கு ஃப்ரிட்ஜ் தூக்கத்தில் முனகுகிற மாதிரி இருந்தது. ஒரு கம்பியைத் தட்டிவிட்டு, அது ஊரைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் வரை மூன்று பேரும் காத்திருக்கிறார்கள். 

மூன்று பேர் என்றால், நடுவில் தங்கை. இடது பக்கம் ஒரு மொட்டை, கிட்டாரை வில்லால் தேய்க்கிறார். வலது பக்கம் ஒரு நெட்டையர். அவர் கால் இரண்டும் தரையில் கிடக்கிற மிதிகட்டைகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தது. தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி. அவருக்குத் தையல்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

குல்லாவும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு கடைசியில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தால் வாசிப்பை நிறுத்திவிடுவாள் என்று பயம். ஏற்கெனவே ஒரு தடவை நிறுத்தியவள்.

அதையும் எழுதிவிட வேண்டியதுதான். ஐந்து வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் பெரிய கச்சேரி. சந்தையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் தங்கை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். அவள் ஒரு கம்பியைத் தட்டினாள். அது அடங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. ஐந்து நொடி, பத்து நொடி. சந்தையில் சத்தம் நின்றால் சரக்கு விலை போகவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் நான் கத்த வேண்டும், அதுதான் என் வேலை. வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "ஒரு தரம்!" என்றேன். சந்தை ஆட்கள் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது. "ரெண்டு தரம்!" அரங்கமே சிரித்தது. மூன்றாவதுக்கு அவசியம் வரவில்லை. அவள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். 

வாசலில் பிடித்தேன். "இனிமே என் பேரு உன் வாயில வரக்கூடாது" என்றாள். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு.

இன்றைக்குக் கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியவில்லை. சட்டைப் பையில் பேச்சு டீச்சர் கொடுத்த வெள்ளை அட்டைக் கட்டு இருந்தது. இருபது அட்டை, உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் பெரிதாக எழுதி எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மூட்டையில் அடையாளம் போடுகிற மெழுகுக் குச்சியும் இருந்தது. வரைந்தேன். மொட்டையை வரைந்தால் பூசணிக்காய் வந்தது. தையல்காரர் ஏணி மாதிரி வந்தார். தங்கை வரவே இல்லை.

கச்சேரி முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டேன். ஐந்து வருஷமாகச் சொல்ல வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். 

மார்ச் 3, திங்கள்

அட்டையில் எழுதியவை: தண்ணீர் வேண்டும். வலிக்கிறது. மூச்சு முட்டுகிறது. என்னைக் கொஞ்சம் தூக்கி உட்கார வையுங்கள். என்னால் இனிமேல் பேச முடியாது. எனக்குக் காது கேட்கும், கத்த வேண்டாம்.

கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்டேன். "பேச முடியாதவங்களைப் பார்த்தா ஜனங்க கத்துவாங்க ஐயா" என்றார் டீச்சர். "அப்ப நான் இத்தனை நாள் யாருக்காகக் கத்தினேன்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். யாரையாவது சிரிக்க வைத்துவிட்டால் போதும் என்று இருந்தது. இன்னும் பதினான்கு அட்டை மீதி.

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரியின் போனிலிருந்து தங்கையைக் கூப்பிட்டேன். என் நம்பரை எப்போதோ தடுத்து வைத்துவிட்டாள். எடுத்தாள். "சொல்லுங்க அண்ணி" என்றாள். ஐந்து வருஷம் கழித்து அந்தக் குரல். நான் பேசினேன். பேசினேன் என்றுதான் நினைத்தேன். "அண்ணி? கேக்கலையே... அண்ணி? லைன் சரியில்லை போல." வைத்துவிட்டாள்.

தொண்டை இவ்வளவு மோசமாகிவிட்டது எனக்கே இன்றுதான் தெரிந்தது. 

வீட்டுக்காரி போனைக் கையில் வாங்கினாள். "நான் சொல்லிடறேன். விஷயம் இதுதான்னு ஒரே வார்த்தை."

"சொல்லாதே."

"ஏன்?"

"சொன்னா வருவா. சீக்காளியைப் பார்க்க வருவா. பழம் வாங்கிட்டு வருவா. எனக்குப் பழம் வேண்டாம்."

"வீம்பு. குரல்வளையோட சேர்த்து அதையும் எடுக்கச் சொல்லணும்" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன். 

செய்தது சரிதானா? தெரியவில்லை. இரக்கத்தில் மன்னித்தால் அது செல்லாது. அதை மட்டும் எப்படியோ உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி குளம். மறுபடி கடைசிப் பாய்.

மெழுகுக் குச்சி தடியாக இழுக்கிறது. ஆனாலும் வரைவதற்கு இப்படிப்பட்ட ஆட்கள் எங்கேயும் கிடைக்க மாட்டார்கள். அசைவதே இல்லை. சந்தையில் ஒருத்தனை வரைய முடியுமா? மூக்கைப் போடுவதற்குள் முதுகைக் காட்டிவிடுவான்.

இன்று முகத்தை விட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டே வாசிக்கிறாள், முகம் எங்கே தெரிகிறது? கையை வரைந்தேன். வலது கை. தட்டிவிட்டு, கம்பிக்கு மேலே விரலை நிறுத்தி வைத்திருக்கிறாள். சத்தம் அடங்கிக்கொண்டே போகிறது, கை அங்கேயே நிற்கிறது. சும்மா நிற்கவில்லை. வரைந்தபோதுதான் பார்த்தேன், மணிக்கட்டுக்குக் கீழே நரம்பு விறைத்துக்கொண்டு இருக்கிறது. தராசு முள் நடுவுக்கு வருவதற்குக் காத்திருக்கிறவன் கை மாதிரி. சத்தம் முழுசாக அடங்கின பிறகும் அவள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அடுத்த கம்பி.

அந்த இடத்தில்தான் நான் கத்தினேன்.

மூட்டை தூக்கிக்கொண்டு படியேறுகிறவளின் காலைத் தட்டிவிடுகிற மாதிரி செய்திருக்கிறேன். தட்டிவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லையே, சும்மாதானே நின்றாள் என்று ஐந்து வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். 

முடிந்ததும் எழுந்து பத்தடி போனேன். கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தோர முடியில் நரை. அவளுக்கு நரை! அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவன் நான். வகிடு கோணலாக எடுத்ததற்கு அழுவாள். 

திரும்பி வந்துவிட்டேன். 

மார்ச் 10, திங்கள்

பென்சில் வாங்கினேன். "பேரன் வரையறானா?" என்றார் கடைக்காரர். ஆமாம், பூசணிக்காய் நன்றாக வருகிறது என்றேன்.

மார்ச் 12, புதன்

காலை சந்தைக்குக் கடைசியாகப் போனேன். என் இடத்தில் நிற்கப் போகிறவனுக்கு முறையைச் சொல்லிக் கொடுக்க. நல்ல குரல். உருளைக்கிழங்கை வெங்காயம் என்று கூவினான், அவ்வளவு நல்ல குரல். எல்லோரும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், மைக்செட் ஏதாவது சொல்லும் என்று. வாயைத் திறந்தேன். காற்று வந்தது. எல்லோரும் சட்டென்று மூட்டைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 

மத்தியானம் டாக்டர். இனிமேல் பேசவே வேண்டாம் என்கிறார். வீங்கினால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளுமாம். "அவசியமான ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும்."

அவசியமான ஒண்ணு ரெண்டு வார்த்தை. அதுக்குத்தானே அலையறேன் டாக்டர். அதைச் சொல்ல ஆளு நிக்க மாட்டேங்குதே. பதினஞ்சு நாள்ல முடிஞ்சிடும். எனக்குப் பயமா இருக்கு. கத்தி பயம் இல்லை. எழுந்து பார்த்தா நான் யாரா இருப்பேன்? பேசாம நான் யாரு? வாயைத் தவிர எங்கிட்ட என்ன இருந்துது? 

நிறுத்துகிறேன். கோடு தாண்டி எழுதுகிறேன். பேரன் அடி வாங்குவான்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர்கள் கேட்கிறவர்களுக்கு நடுவிலும் ஒரு மைக்கை நட்டு வைத்திருக்கிறார்கள். இருமல், செருமல், பாய் சரசரப்பு எல்லாம் அதில் விழும். தங்கையின் காலடியில் ஒரு பெட்டி. மிதித்தால் அந்த நேரத்துச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும், எங்கள் சந்தைக் கணக்குப்பிள்ளை மாதிரி. இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கையின் முழங்கையை வரைந்துகொண்டிருந்தேன். புதுப் பென்சில். அட்டை சொரசொரப்பு. நிழல் போட வேகமாகத் தீட்டினேன். அவள் மிதித்தாள். 

க்ர்ர்க். க்ர்ர்க். க்ர்ர்க்.

குளம் முழுக்க. டைல்ஸ் பதித்த சுவரில் மோதி எலி கதவைக் கொறிக்கிற மாதிரி. யாரடா இது என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் தலையைத் திருப்பினேன். அப்புறம்தான் பென்சிலைப் பார்த்தேன்.  நான் நிறுத்திவிட்டேன், பெட்டி நிறுத்தவில்லை. போச்சு, மறுபடியும் கெடுத்துவிட்டேன், வாயை மூடியிருந்தும் கெடுத்துவிட்டேன் என்று எழுந்து ஓடப் பார்த்தேன். கால் மரத்துப்போயிருந்தது.

அவள் சிரித்தாள். குனிந்தபடி, கொஞ்சமாக. அந்தக் கொறிப்பின் மேல் ஒரு கம்பியைத் தட்டினாள். அப்புறம் இன்னொன்று. மொட்டை வில்லை எடுத்தார். இருபது நிமிஷம் என் பென்சிலோடு சேர்ந்து வாசித்தாள். 

என்னிடமிருந்து போன ஒன்றை அவள் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டது இந்த ஐந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. யாருடையது என்று தெரியாததால்.

முடிந்ததும் தையல்காரர் நேராக என்னிடம் வந்தார். "நீங்கதானா அது? சத்தம் பிரமாதம். அடுத்த வாரம் மைக் பக்கத்துல உக்காந்து வரையறீங்களா? அவங்கதான் கேட்கச் சொன்னாங்க." தூரத்தில் தங்கை முதுகைக் காட்டி நின்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். "பேச மாட்டீங்களா?" என்றார். தொண்டையைக் காட்டினேன். "ஓ, ஜலதோஷமா? வெந்நீர் குடிங்க" என்றார். 

வீட்டுக்காரி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "கடைசியில உங்களைக் கூப்பிட்டிருக்கா பாருங்க."

என்னைக் கூப்பிடவில்லை. பென்சிலைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மார்ச் 19, புதன்

குளியலறையில் கண்ணாடி பார்த்து ஒத்திகை. "நான் பண்ணினது தப்பு." மூன்று சொல். முதல் சொல் காற்று. இரண்டாவது பாதி காற்று. "தப்பு" மட்டும் கொஞ்சம் கேட்கிறது. அது போதும். 

மார்ச் 22, சனி

நாளை கடைசிக் கச்சேரி. வியாழக்கிழமை ஆபரேஷன். நாளை விட்டால் கிடையாது. இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

முடிஞ்சது. எல்லாம் முடிஞ்சது.

மைக்குக்குப் பக்கத்தில் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கும் அவளுக்கும் இடையே இருபதடி. குல்லா, மாஸ்க். அவள் தலையாட்டி வணக்கம் சொன்னாள், தெரியாத ஒருவருக்குச் சொல்கிற வணக்கம். வரைந்தேன். அவள் மிதித்தாள். க்ர்ர்க் க்ர்ர்க். நன்றாகத்தான் போனது. கால் மணி நேரம் நானும் என் தங்கையும் சேர்ந்து கச்சேரி செய்தோம். இதை எழுதி வைக்கிறேன், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

அப்புறம் மூச்சு. மாஸ்க்குக்குள் காற்று போதவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மாஸ்க்கை இறக்கினேன். 

அடுத்த சத்தத்துக்குச் சைகை காட்ட அவள் தலையைத் தூக்கினாள். பார்த்துவிட்டாள்.

காலை எடுத்தாள். எல்லாச் சத்தமும் நின்றது. கை கம்பிக்கு மேலே நிற்கிறது. கேட்கிறவர்கள் இதுவும் இசை என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் என் வாயைப் பார்த்தாள். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்தேன். உதட்டை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம்? மொட்டைதான் கடைசியில் வில்லை இழுத்தார். அவள் அதற்குப் பிறகு வாசித்தாள். ஒரு தடவை கூட என் பக்கம் திரும்பவில்லை.

முடிந்த உடனே கிட்டாரை உறையில் கூடப் போடாமல் பின் கதவு வழியாகப் போய்விட்டாள். குளத்துப் படி ஏறி ஓடினேன். பன்னிரண்டு படி. மேலே வந்தபோது அவள் வேன் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், அவ்வளவுதான் தூரம். வாயைத் திறந்தேன். தப்பு என்று சொல்லக்கூட இல்லை, ஏய் என்று கூப்பிட. சந்தையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடி லாரியை நிறுத்தினவன். ஒன்றும் வரவில்லை. கையைத் தட்டினேன். வேன் ஸ்டார்ட் ஆகிவிட்டது. 

போயிட்டா. நான் நடுத்தெருவுல நின்னு வாயைத் திறந்து திறந்து மூடறேன். மீன் மாதிரி. ஒரு சைக்கிள்காரன் சுத்திட்டுப் போனான். 

உள்ளே தையல்காரர் வயர் சுருட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் இருந்த அட்டைக் கட்டு முழுவதையும் அவர் கையில் திணித்தேன். அவள் போன கதவைக் காட்டினேன். "அவங்ககிட்ட கொடுக்கணுமா? இதெல்லாம் நீங்க வரைஞ்சதா?" என்று மேலே இருந்த ஒன்றைப் பார்த்தார். "இது நானா?" அது மொட்டை. தலையாட்டிவிட்டு வந்தேன். 

மார்ச் 24, திங்கள்

காலையில் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிப் பை கட்டினாள். "அட்டை எங்கேங்க?"

"எந்த அட்டை?" என்று கையால் கேட்டேன்.

"தண்ணி வேணும், வலிக்குது, அதெல்லாம் எழுதி வச்சீங்களே."

உட்கார்ந்துவிட்டேன். 

அந்த அட்டையின் பின்பக்கம்தானே வரைந்தேன். மூன்று வாரமாகப் படத்துப் பக்கத்தையே பார்த்துப் பார்த்து, மறுபக்கம் ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. "என்னால் இனிமேல் பேச முடியாது" என்பதற்குப் பின்னால்தான் அவள் கை. "மூச்சு முட்டுகிறது" என்பதற்குப் பின்னால் முழங்கை. 

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. நீங்களே அட்டை அட்டையா எழுதி அனுப்பியிருக்கீங்க" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேரும் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 

வரமாட்டாள். வந்தாலும் பழத்தோடுதான் வருவாள்.

மார்ச் 25, செவ்வாய்

பழம் கொண்டு வரவில்லை.

பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள், உடைக்கிற மாதிரி. வீட்டுக்காரி திறந்ததும் நேரே உள்ளே வந்து மேசையில் அட்டைகளை அறைந்தாள்.

"இது என்ன?"

நான் எழுந்து நின்றேன். 

"முதல்ல படத்தைத்தான் பார்த்தேன். ஆளு திருந்திட்டான்னு நினைச்சேன். அப்புறம் திருப்பறேன், மூச்சு முட்டுதுங்கறே, வலிக்குதுங்கறே. ராத்திரி முழுக்க ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருக்கேன். எப்ப சொல்றதா இருந்தே? படத்துக்கு மாலை போட்ட பிறகா? அண்ணி, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சத்தியம் வாங்கிட்டாரும்மா."

"வாங்குவாரு. எல்லாத்தையும் ஏலத்துல எடுக்கறவராச்சே." கத்திக் கத்தி அவள் குரலே கட்டிவிட்டது. நான் மேசையிலிருந்து ஒரு அட்டையைத் தேடி எடுத்துக் காட்டினேன். எனக்குக் காது கேட்கும், கத்த வேண்டாம். 

படித்தாள். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சின்ன வயதில் வகிடு கோணலானால் வருகிற அதே கோணல். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாது.

சொல்லிவிட்டேன். டாக்டர் தடுத்ததை மீறித்தான். ஒவ்வொரு சொல்லாக, காற்றில் பொறுக்கி எடுத்து. "நான் பண்ணினது தப்பு. அன்னைக்குச் சத்தம் நின்னதும் பயந்துட்டேன். நீ விலை போகலையோன்னு." 

மேசையில் சிதறிக் கிடந்த அட்டைகளை ஒன்றாக அடுக்கினாள்.  

"தெரியும்" என்றாள். "உன் வாய் எதுக்குத் திறந்துச்சுன்னு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சா கோபம் போயிடுமா? இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. அதை நான் வச்சுக்கறேன், நீ கேக்காதே."

சரி என்று தலையாட்டினேன். இரக்கத்தில் கொடுத்திருந்தால் மொத்தமாகக் கொடுத்திருப்பாள். 

பையிலிருந்து சின்ன ரெக்கார்டரை எடுத்து என் முகத்துக்கு முன்னால் வைத்தாள். "ஏதாவது பேசு."

"என்ன?"

"என்னவோ. வாயாடிதானே."

இருபத்தெட்டு வருஷம் நிறுத்தாமல் பேசினவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கடைசியில், அவள் கிட்டார் கற்றுக்கொண்ட புதிதில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "ஆட்டுக்குட்டி வாங்கியிருக்கீங்களா, உடம்பு சரியில்லையா அதுக்கு?" என்று கேட்டதைச் சொன்னேன். அவர் நடந்த மாதிரி நடந்து காட்டினேன். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்காரியும். 

போட்டுக் கேட்டோம். என் குரல் எங்கேயும் சரியாக விழவில்லை. புஸ் புஸ் என்று சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கிற மாதிரி. மற்றதெல்லாம் அவர்கள் இரண்டு பேர் சிரிப்பு. "இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றாள். தொண்டையில் கை வைத்துக் காட்டினேன். அவள் ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் பையின் வாயைப் பிடித்தபடியே இருந்தாள்.

மார்ச் 26, புதன்

ஆஸ்பத்திரி. மீசையை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரி என் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

மார்ச் 27, வியாழன்

இன்னும் அரை மணி நேரம். வீட்டுக்காரியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டது என்றாள். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

நோட்டை இன்றுதான் கையில் கொடுத்தார்கள். கழுத்தில் ஓட்டை, மூக்கில் சாப்பாட்டுக் குழாய். இருமினால் வாய்க்குப் பதில் கழுத்து இருமுகிறது. இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அதைப் பற்றி எழுதவில்லை.

தங்கை மூன்று மணிக்கு வந்தாள். நேற்றும் வந்தாளாம், தூங்கிக்கொண்டிருந்தேனாம். நாற்காலியில் வீட்டுக்காரியின் பை இருந்ததால் கட்டிலில் என் காலடியில் உட்கார்ந்தாள். கட்டிலை ஏற்றி இறக்குகிற பட்டன் பெட்டி போர்வைக்குக் கீழே கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்தாள். கட்டிலின் முதுகுப் பக்கம் மெதுவாக ஏறத் தொடங்கியது. அவள் அடுத்த மாதக் கச்சேரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு எழுந்திரிக்கறே? படு" என்றாள்.

நான் கையை ஆட்டினேன்.

"மரியாதை எல்லாம் வேண்டாம். படுண்ணா."

இன்னும் ஏறினேன். இவ்வளவு நேராக நான் எப்போதும் உட்கார்ந்ததில்லை. எழுதிக் காட்டலாம் என்றால் நோட்டு அலமாரியில் இருந்தது. கட்டில் போகிற வரை போய் நின்றது. நர்ஸ் வந்து அவளை எழுந்திரிக்கச் சொன்னார். தலையணையும் தண்ணீர்க் குவளையும் கீழே விழுந்திருந்தன. குவளை பிளாஸ்டிக். நனைந்த தலையணை உறையை மாற்றிக் கொடுத்தார்கள்.